ஒன்றேகால் மீற்றர்

ஓல்ட்டன் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில்
சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே
இருபத்தாறு ஊர்கள் வந்து இறங்கியிருந்தன,
கார் டிக்கிகளில், போர்வை சுற்றி.

ஹுன்சிக்கர் ஒரு பாற்கட்டித் தொழிற்சாலையைத்
தலைகீழாகப் பிடித்து அதன் கால்களைப் பூட்டினார்.
மார்க்ரித்தின் மரக்காலையில் அடுக்கியிருந்த தடிகள்
அவள் தோட்டத்து முந்திரிகைக் கொடியில் வெட்டியவை.
நாற்பத்து மூன்று. எண்ணியே வைத்திருந்தாள்.
எல்லோரும் நிலையம் கொண்டு வந்திருந்தார்கள்,
கடிகாரம், கழிவறை, பூந்தொட்டி சகிதம்.

நான் கொண்டுபோனது
ஒன்றேகால் மீற்றர் வளைவு.
தண்டவாளம். புல். வேலி.
வேறொன்றும் இல்லை.

இரவு வேலை முடித்து, தபால் பொதிகளின் தூசு
இன்னும் மூக்கில் இருக்க,
ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில்
குசினி மேசையில் நட்ட புல்.
"ஆடும் இல்லை மாடும் இல்லை,
ஆருக்கு இந்தப் புல்லு?" என்று
சாருமதி தேத்தண்ணியை
என் பசைப் போத்தலுக்குப் பக்கத்தில் வைப்பாள்.
ஒருநாள் தூரிகையைத் தேத்தண்ணிக்குள் தோய்த்துவிட்டேன்.
அந்த இடத்துப் புல் மட்டும்
கோடை முடிந்த நிறம். நல்லாய்த்தான் இருக்கிறது.

சங்கத்தின் விதித்தாள் ஒரு பக்கம்தான்:
முனை இரண்டும் எல்லோருக்கும் ஒரே அளவு,
நடுவில் அவரவர் விருப்பம்.

"இங்கே என்ன இருக்கிறது?" என்றார் ஹுன்சிக்கர்,
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
ஒன்றுமில்லை என்றேன்.
அவர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார்.
நிலையத்தை ஒட்டி நிலையம், அதை ஒட்டி நிலையம்.
வண்டி புறப்படுமுன் வந்து சேர்ந்துவிடும்.
"ஒன்றுமில்லாததை ஒருத்தரும் கொண்டுவருவதில்லை"
என்று சொல்லி
என் பலகையின் மறுமுனையைத் தானே பிடித்தார்.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே தரை பள்ளம்.
ஒரு காலுக்கு அடியில் மடித்த பஸ் ரிக்கெற்.
இரண்டு கிளாம்ப். மூட்டை விரல்நகத்தால் தடவி,
தட்டாவிட்டால் சரி.
தட்டியது. இன்னொரு ரிக்கெற்.

முதலில் வந்தது என்னுடைய எஞ்சின் அல்ல,
என்னிடம் எஞ்சினே இல்லை.
தெக்லேயின் சிவப்பு எஞ்சின், ஒரு பக்க விளக்கு எரியாதது,
மூன்று சீனிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு
அவருடைய ஊரிலிருந்து மூட்டைத் தாண்டி
டக் என்று என் புல்லுக்குள் வந்தது.
மூச்சு விடாமல் நின்றேன்.
விழவில்லை.

அங்கே கடிகாரம் நாலு மடங்கு ஓடும்.
கோப்பி ஒன்று குடித்து வருவதற்குள் பின்னேரம்.
மார்க்ரித்தின் நிலையத்தில் பாதை காலியில்லை,
சீனி வண்டி காத்திருக்கட்டும் என்று குரல் வந்தது.
காத்திருக்க வேறு இடமில்லை. என் வளைவில் நின்றது.

வண்டி நின்றால் பார்க்க வேண்டி வருகிறது.
தெக்லே குந்தி, கண்ணைத் தண்டவாள உயரத்துக்கு இறக்கி
கனநேரம் கதைக்காமல் இருந்தார்.
பிறகு தொட்டுவிடாமல் விரலை நீட்டினார்.
மூன்றாவது வேலிக்கட்டையின் தலையில்
எள்ளளவு நீலம்.
ஒரு கையுறை. ஒற்றை.
கீழே கிடந்ததை யாரோ எடுத்துச் செருகி வைத்தது.

"யாருடையது?"
தெரியாது என்றேன். உண்மைதான்.
நான் ஏறும் பஸ் தரிப்பில் பனிக்காலம் முழுக்க
ஒன்று அப்படி இருந்தது.
எங்கள் இருவருடைய ஜெர்மனும்
அதற்கு மேல் போகவில்லை.
ஆறு மணிக்கு ஊர்களைக் கழற்றினோம்.

மூன்று மாதம் கழித்து லாங்கென்தாலில் இன்னொரு மண்டபம்.
இம்முறை தெக்லேயின் ஊர் எனக்கு எட்டு மேசை தள்ளி.
வளைவைப் பூட்டிவிட்டுச் சும்மா நடந்து போனேன்.
அவர் நடைமேடையில் ஆட்கள்:
சூட்கேஸ்காரி, ஒரு நாய், சண்டை பிடிக்கும் இருவர்.
கடைசியில், கூரைக்கு வெளியே, புதிதாய் ஒருவன்.
இடது கையில் நீலக் கையுறை.
வலது கை
கோட்டுப் பைக்குள்.

தெக்லே மேசைக்கு அடியில் வயர் பூட்டிக்கொண்டிருந்தார்.
நிமிரவே இல்லை.
நான் போய் நேரசூசியைப் பார்த்தேன்.
என் பக்கம் போகும் அடுத்த வண்டி பத்து இருபதுக்கு.
இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது,
அந்தக் கடிகாரத்தில்.
நம்முடையதில் இரண்டு.